பழைய ஃபைல் திறக்குமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். மூன்றாம் வருடம். லேத் எது, மில்லிங் எது என்று கேட்டால் இப்போதும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். இவனெல்லாம் மெக்கானிக்கல் டிசைன் மென்பொருள் பற்றிப் பதிவு போடுவதா என்று மெக்கானிக்கல் படிக்கும் நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் திட்டுங்கள் :-)

போன மே மாதம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் 30 நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். பம்புக்கான உதிரி பாகங்கள் செய்கிற இடம். முதல் ஒரு வாரம் பில் அடுக்கினேன். இரண்டாவது வாரம் பர்ச்சேஸ் மேனேஜர் சார் மூன்று கொட்டேஷனை என் மேசையில் வைத்து, "தம்பி, இத எக்ஸெல்ல போட்டு எது லாபம்னு சொல்லுங்க" என்றார். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், இன்வென்டர். மூன்றுமே கம்ப்யூட்டரில் இயந்திர பாகங்களை முப்பரிமாணத்தில் வரைகிற கேட் மென்பொருட்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து லைசன்ஸுக்கு விலை கேட்டிருந்தார்கள். இந்த மூன்றில் ஒன்றின் பழைய வெர்ஷன் இரண்டு லைசன்ஸ் ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எது என்று சொல்லமாட்டேன், விலையையும் சொல்லமாட்டேன். சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள்.

எனக்கு ஒரே குஷி. வகுப்பில் படித்ததை எல்லாம் இறக்கினேன். லைசன்ஸ் தொகை, வருடாந்திர ஏஎம்சி, பயிற்சிச் செலவு, புது கம்ப்யூட்டர், ஐந்து வருடக் கூட்டல், அதற்கு நிகழ்கால மதிப்பு வேறு. கடைசியில், அங்கே இல்லாத ஒரு மென்பொருள்தான் மலிவு என்று வந்தது. அழகாக மஞ்சள் கலர் அடித்து டிராயிங் ரூமுக்கு எடுத்துப் போனேன். அங்கே இருபது வருடமாக வரைகிற ஒரு அண்ணன் இருக்கிறார். பேப்பரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "நல்லாருக்குதுங்க தம்பி. பழைய ஃபைல் திறக்குமுங்களா?" என்று கேட்டார்.

என் டேபிளில் அதற்குக் கட்டமே இல்லை.

அன்று ராத்திரி தேட ஆரம்பித்தவன், எங்கெங்கோ போய் 1974-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் போய் நின்றேன். அந்தக் கதைதான் இது.

கதைக்கு முன்னால் ஒரே ஒரு பாடம். எக்ஸெல் தெரிந்தவர்களுக்குச் சுலபம். ஒரு கட்டத்தில் ஃபார்முலா போட்டிருக்கிறீர்கள். மேலே விலையை மாற்றினால் கீழே மொத்தம் தானாக மாறுகிறது. இந்த மென்பொருட்களும் அப்படித்தான். முதலில் ஒரு வட்டம் போட்டு விட்டம் கொடுக்கிறார்கள், அதை இழுத்து உருளையாக்குகிறார்கள், நடுவில் துளை போடுகிறார்கள், ஓரத்தை மழுக்குகிறார்கள். இந்த ஒவ்வொரு படியும் திரையின் இடது பக்கம் வரிசையாக ஒரு மரம் மாதிரி பதிவாகிறது. நாளைக்கு விட்டத்தை மாற்றினால் துளையும் ஓரமும், அதைச் சேர்த்துப் பூட்டிய அசெம்பிளியும், அதிலிருந்து எடுத்த டிராயிங்கும் எல்லாம் தானாக மாறிக்கொள்ளும். இதற்குப் பெயர் பாராமெட்ரிக்.

இதை வியாபாரமாக ஜெயித்துக் காட்டியவர் சாமுவேல் கெய்ஸ்பெர்க். சோவியத் யூனியனில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1974-ல் அமெரிக்கா வந்தார். 1985-ல் பி.டி.சி. என்ற கம்பெனியைத் தொடங்கினார். 80-களின் கடைசியில் வந்த அவர்களுடைய ப்ரோ-எஞ்சினியர் அந்தத் தொழிலையே புரட்டிப் போட்டது. அதுவரை இருந்த பெரிய மென்பொருட்களில் வரைந்த பிறகு ஒரு அளவை மாற்றுவது என்பது கிட்டத்தட்ட திரும்ப வரைவதற்குச் சமம்.

ஆனால் ப்ரோ-எஞ்சினியர் ஏழைக்கு எட்டாத பழம். ஒரு ஆளுக்கு மென்பொருளே இருபதாயிரம் டாலர் வாக்கில். அது ஓடுவதற்கு சன், சிலிக்கான் கிராஃபிக்ஸ் மாதிரி கம்பெனிகளின் யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் தனியாக வாங்கவேண்டும். கார், விமானம் செய்கிறவர்கள் வாங்கினார்கள். பத்து பேர் உள்ள பட்டறைக்கு, 1982-ல் வந்த ஆட்டோகேடில் தட்டையாகக் கோடு போடுவதுதான் கதி.

நடுவில் இருந்த இந்த இடைவெளியைப் பார்த்தவர் ஜான் ஹிர்ஷ்டிக். எம்.ஐ.டி.யில் படித்தவர். அங்கே மாணவர்கள் கணக்குப் போட்டு பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் சூதாட்ட விடுதிகளை ஜெயித்த ஒரு பிரபலமான குழு இருந்ததே, அதில் இவரும் ஒருவர். அதில் சம்பாதித்த பத்து லட்சம் டாலரைப் போட்டு 1993 டிசம்பரில் சாலிட்வொர்க்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். (எங்கள் ஹாஸ்டலில் ரம்மி ஆடுகிறவர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்ட வேண்டாம்.) ப்ரோ-எஞ்சினியர் உருவாக்கத்தில் முக்கியமாக இருந்த மைக் பெய்னும் வந்து சேர்ந்துகொண்டார்.

1995 நவம்பரில் சாலிட்வொர்க்ஸ் 95 வந்தது. விலை 3,995 டாலர். அதே மாதம்தான் இன்டெல் பென்டியம் ப்ரோ சிப்பை வெளியிட்டது. விண்டோஸ் 95 வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் செய்த வேலையை ஆபீசில் கடிதம் டைப் அடிக்கிற ஜாதிக் கம்ப்யூட்டரே செய்யும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. பி.டி.சி.யின் வசதிகளில் முக்கால்வாசிக்கு மேல் இருக்கிறது, விலை ஐந்தில் ஒரு பங்கு. காமர்ஸ் மாணவனாக எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், விற்ற விதம். பி.டி.சி. தன் சொந்த விற்பனையாளர்களை வைத்துப் பெரிய கம்பெனிகளைத் துரத்தியது. நாலாயிரம் டாலர் சரக்கை அப்படி விற்றால் கட்டுபடியாகாது, அலைகிற செலவே அதைத் தின்றுவிடும். அதனால் சாலிட்வொர்க்ஸ் ஊர் ஊராக டீலர் போட்டது. விற்பது, பயிற்சி கொடுப்பது, போன் பண்ணினால் வந்து பார்ப்பது எல்லாம் டீலர் பொறுப்பு. என் மேசைக்கு வந்த மூன்று கொட்டேஷனும் டீலர்கள் கொடுத்ததுதான்.

சாலிட் எட்ஜ் 1996-ல் வந்தது. செய்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் இருந்த இன்டர்கிராஃப். சந்திரனுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள் 1969-ல் ஆரம்பித்த கம்பெனி அது. அவர்கள் கம்ப்யூட்டரும் சேர்த்து விற்றவர்கள்.

ஆட்டோடெஸ்க் கொஞ்சம் தாமதம். ஆட்டோகேட் கையில் இருந்ததால் அதன் தலையிலேயே முப்பரிமாணத்தை ஏற்றி 1996-ல் மெக்கானிக்கல் டெஸ்க்டாப் என்று ஒன்று விட்டார்கள். பழைய வீட்டின் மேல் மாடி எடுத்த மாதிரி. பிறகு அது போதாது என்று தெரிந்து, புதிதாக அஸ்திவாரம் போட்டு 1999-ல் இன்வென்டரைக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச காலத்தில் இன்வென்டர், மெக்கானிக்கல் டெஸ்க்டாப், ஆட்டோகேட் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்றார்கள். ஆட்டோகேட் வைத்திருந்தவனுக்குப் புதியதும் வந்துவிடும், பழையதும் போகாது. வாடிக்கையாளரின் பழைய ஃபைல் பயத்தை அவர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகக் கூடி நாலு வருடத்துக்குள் மூன்று போட்டியாளர்கள். விளம்பரத் தாள்களைப் பார்த்தால் மூன்றுமே எல்லாம் செய்யும். நானும் அந்தத் தாள்களை வைத்துத்தான் டேபிள் போட்டிருந்தேன். ஆனால் அண்ணனுடைய கேள்விக்குப் பதில் அந்தத் தாளில் வராத ஒரு இடத்தில் இருந்தது. அதன் பெயர் கெர்னல்.

ஒரு தெருவில் மூன்று இட்லிக் கடை. பெயர்ப் பலகை வேறு, சட்னி வேறு, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறு. ஆனால் மாவு மட்டும் வெளியில் அரைத்து வருகிறது. கேட் மென்பொருளில் அந்த மாவுதான் கெர்னல். இந்த உருளையில் அந்தத் துளையைப் போட்டால் மிச்சம் என்ன வடிவம் வரும் என்ற கணிதத்தை எல்லாம் செய்கிற உள்ளிருப்பு. அதை எழுத வருடக்கணக்காகும் என்பதால் பெரும்பாலோர் சொந்தமாக எழுதாமல் உரிமத் தொகை கட்டி வாங்குகிறார்கள். அப்போது பெயர் பெற்ற கடைகள் இரண்டு: பாராசாலிட், ஏசிஸ்.

இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றே. 1974-ல் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு, ஆலன் கிரேயர், சார்லஸ் லாங் முதலானவர்கள் ஷேப் டேட்டா என்ற கம்பெனியைத் தொடங்கி ரோமுலஸ் என்ற கெர்னலைச் செய்தார்கள். பிற்பாடு இவர்கள் மூவரும் வெளியேறி, அமெரிக்காவில் ஸ்பேஷியல் என்ற கம்பெனிக்காக ஏசிஸ் எழுதினார்கள். ஆலன், சார்லஸ், இயன் என்ற மூன்று பெயரின் முதலெழுத்துதான் அதன் பெயரில் இருக்கிறது. ஷேப் டேட்டாவில் மிச்சம் இருந்தவர்கள் ரோமுலஸின் வாரிசாகப் பாராசாலிட்டைச் செய்தார்கள். பங்காளிகள்.

சாலிட்வொர்க்ஸ் பாராசாலிட்டை எடுத்துக்கொண்டது. சாலிட் எட்ஜும் இன்வென்டரும் ஏசிஸ். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சீரியல் தோற்றுப்போகும்.

1997: பிரான்சின் டசோ சிஸ்டம்ஸ் 31 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து சாலிட்வொர்க்ஸை வாங்கியது. முதல் வெர்ஷன் வந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. டசோவிடம் ஏற்கெனவே கேட்டியா என்ற பெரிய மென்பொருள் உண்டு.

1998: இன்டர்கிராஃப் சாலிட் எட்ஜை யூனிகிராஃபிக்ஸ் சொல்யூஷன்ஸிடம் விற்றது. அவர்களிடம்தான் பாராசாலிட் இருந்தது. சொந்தமாக மாவு மில் வைத்துக்கொண்டு பக்கத்து மில்லில் ஏன் வாங்கவேண்டும்? அதே வருடம் வெர்ஷன் 5-ல் சாலிட் எட்ஜ் ஏசிஸை விட்டுப் பாராசாலிட்டுக்கு மாறியது. ஆட்கள் குடியிருக்கும்போதே அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை அது.

2000: டசோ ஸ்பேஷியலை வாங்கியது. இப்போது ஏசிஸ் டசோவின் கையில். இன்வென்டருக்கு மாவு, நேர்ப் போட்டியாளரான சாலிட்வொர்க்ஸின் முதலாளி வீட்டிலிருந்து வரவேண்டிய நிலை. ஆட்டோடெஸ்க் சும்மா இருக்கவில்லை. 2001-ல் தன்னிடம் இருந்த ஏசிஸ் நிரலைப் பிரித்தெடுத்து, ஷேப்மேனேஜர் என்று பெயர் வைத்துத் தானே வளர்க்கத் தொடங்கியது. வழக்கு நடந்தது. 2003-ல் தீர்ப்பு ஆட்டோடெஸ்க் பக்கம்.

2007: யூனிகிராஃபிக்ஸ் சொல்யூஷன்ஸ் கை மாறி, யூ.ஜி.எஸ். என்று பெயர் மாறி, கடைசியில் ஜெர்மனியின் சீமென்ஸ் அதை 350 கோடி டாலருக்கு வாங்கியது. கூடவே சாலிட் எட்ஜும் பாராசாலிட்டும் சீமென்ஸுக்குப் போயின.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். டசோவின் சாலிட்வொர்க்ஸ், தன் போட்டியாளரான சீமென்ஸிடமிருந்து கெர்னல் வாங்கிக்கொண்டிருக்கிறது. டசோவிடம் சொந்தமாக ஏசிஸ் இருக்கிறது, கேட்டியாவின் சிஜிஎம் கெர்னலும் இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான். 2010 வாக்கில் சாலிட்வொர்க்ஸை சிஜிஎம்முக்கு மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது பயனாளர்கள் பதறினார்கள். பதறாமல் என்ன செய்வார்கள்? பதினைந்து வருடம் பாராசாலிட்டில் கணக்கிட்ட வடிவங்கள் புதுக் கெர்னலில் அப்படியே வருமா, ஏதோ ஒரு மூலையில் ஒரு வளைவு உடைந்துபோகுமா, யாருக்குத் தெரியும்? டெஸ்க்டாப் சாலிட்வொர்க்ஸ் இன்றைக்கும் பாராசாலிட்டில்தான் ஓடுகிறது. சீமென்ஸ் ஏன் கொடுக்கிறது என்று நானும் யோசித்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு நிறுத்தினால் மற்ற வாடிக்கையாளர் எல்லாம் அன்றைக்கே வேறு மில் தேடுவான். அதுதான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

இதெல்லாம் அண்ணன் கேள்விக்கு என்ன பதில் என்கிறீர்களா? வருகிறேன்.

சாலிட்வொர்க்ஸிலும் சாலிட் எட்ஜிலும் ஒரே மாவு என்பதால் ஒன்றின் வடிவத்தைப் பாராசாலிட் ஃபைலாக எடுத்தால் இன்னொன்றில் சுத்தமாக உட்காரும். ஷேப்மேனேஜர் உள்ள இன்வென்டருக்குப் போவதென்றால் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கவேண்டும். எல்லாருக்கும் பொதுவான ஸ்டெப் ஃபைல் ஒன்றும் இருக்கிறது. ஆனால் எந்த வழியில் போனாலும் வடிவம் மட்டும்தான் போகும். அந்த மரம் போகாது. மரம் அந்தந்தக் கடையின் சொந்தச் சட்னி.

எக்ஸெல்லில் காப்பி எடுத்து, ஒட்டும்போது மதிப்பை மட்டும் ஒட்டுவோம் இல்லையா? எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், ஃபார்முலா ஒன்றும் இருக்காது. அதேதான். அண்ணன் எனக்கு இதைத் திரையில் காட்டினார். அவர் மாடல் பண்ணிய ஒரு இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றுகிற இறக்கைச் சக்கரம். இடது பக்கம் மரத்தில் நாற்பது வரிக்கு மேல். அதையே ஸ்டெப் ஃபைலாக எடுத்து டீலர் போட்டுக்கொடுத்திருந்த டெமோ மென்பொருளில் திறந்தார். படம் அச்சு அசல் அப்படியே வந்தது. இடது பக்கம் ஒரே ஒரு வரி.

"இறக்கைக் கோணத்த இப்ப எங்கீங்க மாத்தறது?" என்றார். நான் என்ன சொல்வது.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். மரம் இல்லாத வடிவத்தையே பிடித்து இழுத்துத் திருத்துகிற வசதியை, சிங்க்ரனஸ் டெக்னாலஜி என்ற பெயரில் 2008-ல் சாலிட் எட்ஜ் பெரிதாகக் கொண்டுவந்தது. மற்றவர்களிடமும் நேரடியாகத் திருத்தும் கருவிகள் இப்போது உண்டு. துளையை நகர்த்த, சுவரைத் தடிமனாக்க அது நன்றாகவே உதவும். ஆனால் முறுக்கி வளைந்த இறக்கைக்கு அது லாயக்கில்லை என்பது அண்ணனின் தீர்ப்பு. எனக்கு எதிர்க்கும் அறிவு இல்லை.

மரம் விஷயத்தில் வேறு கடைக்குப் போவது மட்டும் பிரச்சினை இல்லை. அதே கடையின் பழைய வெர்ஷனுக்குக்கூடப் போகமுடியாது. சாலிட்வொர்க்ஸில் புதிய வெர்ஷனில் சேமித்த ஃபைலைப் பழைய வெர்ஷனில் மரத்தோடு திறக்க வழி 1995-லிருந்து இல்லை. 2024 வெர்ஷனில்தான் இரண்டு வெர்ஷன் பின்னால் வரை சேமிக்க வழி வந்தது, அதுவும் ஆண்டுச் சந்தா கட்டுகிறவர்களுக்கு. யோசியுங்கள், 28 வருடம். வேலை கொடுக்கிற பெரிய கம்பெனி வெர்ஷன் மாறினால், வேலை வாங்குகிற சின்னக் கம்பெனியும் மாறியே ஆகவேண்டும். ஏஎம்சி என்ற பெயரில் வருடா வருடம் கட்டுகிற பணம் பழுது பார்க்க என்று நான் நினைத்திருந்தேன். பாதி அதற்கு, பாதி கூட்டத்தோடு சேர்ந்து நடக்க. ஆட்டோடெஸ்க் இதில் நேராக இறங்கிவிட்டது. 2016 ஜனவரியோடு இன்வென்டர் உட்படத் தனி மென்பொருட்களுக்குப் புதிதாக நிரந்தர லைசன்ஸ் விற்பதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு வருடச் சந்தாதான். கட்டுவதை நிறுத்தினால் அடுத்த நாள் மென்பொருள் திறக்காது. என் ஐந்து வருடக் கணக்கில் இது ஆறாவது வருடம் விழுகிற செலவு, அதனால் எனக்குத் தெரியவே இல்லை!

சரி, மூன்றில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு, கேட்டுத் தெரிந்துகொண்ட வரையில்: தகடு வளைத்துப் பெட்டி செய்கிறவர்கள் சாலிட் எட்ஜைப் பாராட்டுகிறார்கள். ஆட்டோகேட் டிராயிங் மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர்களுக்கு இன்வென்டர் இசைவு. சாலிட்வொர்க்ஸ் தெரிந்த ஆட்கள் சுலபமாகக் கிடைக்கிறார்கள், ஒருவர் போனால் இன்னொருவரை எடுக்கலாம். மற்றபடி சராசரி வேலைக்கு மூன்றும் போதும்.

பி.டி.சி. என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. ப்ரோ-எஞ்சினியர் 2010-ல் கிரியோ என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. ஹிர்ஷ்டிக் 2011-ல் சாலிட்வொர்க்ஸை விட்டு வெளியே வந்து, பிரவுசரிலேயே ஓடுகிற ஆன்ஷேப் என்ற மென்பொருளைச் செய்தார். அதற்கும் கெர்னல் பாராசாலிட்தான். 2019-ல் ஆன்ஷேப்பை சுமார் 47 கோடி டாலருக்கு வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? பி.டி.சி.! யாருடைய இருபதாயிரம் டாலர் சரக்கை நாலாயிரத்தில் அடித்தாரோ, அவர்களிடமே போய்ச் சேர்ந்தார்.

திரும்ப என் டேபிளுக்கு. அண்ணனிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்தேன். திரும்பத் திரும்ப ஆர்டர் வருகிற, அடிக்கடி திருத்துகிற மாடல்கள் எத்தனை, ஒன்றைப் புதிதாகக் கட்ட எத்தனை மணி நேரம், அவருடைய ஒரு மணி நேரத்துக்குக் கம்பெனிக்கு என்ன செலவு. பெருக்கிப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: "பழைய மாடல்களைத் திரும்பக் கட்டும் செலவு". ஏற்கெனவே இருக்கிற மென்பொருளுக்கு அதில் பூஜ்யம். மற்ற இரண்டுக்கும் வந்த தொகை லைசன்ஸ் வித்தியாசத்தைவிடப் பெரியது. மஞ்சள் கலரை அழித்துவிட்டு வேறு கட்டத்துக்கு அடித்தேன்.

மேனேஜர் சார் புதிய டேபிளை டீ ஆறும்வரை பார்த்தார். பிறகு, ஏற்கெனவே இருக்கிற மென்பொருளின் டீலருக்குப் போன் போட்டார். மற்ற இரண்டு கொட்டேஷனையும் கையில் வைத்துக்கொண்டு, "வேற ரெண்டு பேரு இவ்வளவு கம்மியா தர்றாங்க, நாங்க மாறிடலாம்னு இருக்கறோமுங்க" என்று பேச ஆரம்பித்தார். அண்ணன் சொன்ன கதையையோ என் புதுக் கட்டத்தையோ பற்றி டீலரிடம் மூச்சுவிடவில்லை. பதினைந்து நிமிடத்தில் நல்ல தள்ளுபடி கிடைத்தது.